ஐந்து கையெழுத்தும் ஒரு மதனும்

இரண்டாம் லயம், மேற்பிரிவு,
வெள்ளைப்பாறைத் தோட்டம்,
பொகவந்தலாவை.
2025 ஜனவரி 16

ஒற்றை ஊசியைக் காட்டி நுவரெலியா நகரத்தையே நடுங்கவைக்கும் தாதிய உத்தியோகத்தரும் என் அக்காள் பெற்ற ஒரே மகளுமாகிய சுதர்ஷினி அவர்களுக்கு,

இருபத்தொரு மாசி மாதம் மதன் வேஷம் கட்டி, இருபத்தொரு முறை சிவபெருமானின் நெற்றிக்கண்ணில் எரிந்தும் சாம்பலாகாமல், மறுநாள் காலையில் தேயிலை ஸ்டோர் வாசலில் காவலுக்கு நின்ற உன் தாய்மாமன் செல்லசாமி எழுதும் போர்ப் பிரகடனம்.

ஏன் கடிதம் என்று கேட்காதே. நீதான் கேட்டாய். நான் கைப்பேசியில் அனுப்பும் குரல் செய்தி ஒவ்வொன்றும் ஒரு படம் பார்க்கிற நேரம் ஓடுகிறது என்றாய். "எதுன்னாலும் எழுதித் தாங்க மாமா, வியாழக்கிழமை கூட்டத்துல எல்லாரும் வாசிக்கலாம்" என்றாய். இதோ எழுத்து. ஐந்து பேரும் எழுந்து நின்று வாசியுங்கள்.

கையிலும் காலிலும் நாலு வெள்ளிச் செதில். அதற்கு ஒரு களிம்பு கேட்டுத்தான் உங்கள் கிளினிக்குக்கு வந்தேன். பஸ்ஸில் ஹட்டன், ரயிலில் நானுஓயா, அங்கிருந்து வேனில் ஒன்பது பேர் மடியில். வந்து பார்த்தால் எனக்கு எதிரே ஐந்து பேர் வரிசையாக உட்கார்ந்திருக்கிறீர்கள்! இந்திர சபையில்கூட ஒரு குற்றவாளிக்கு இத்தனை நீதிபதிகள் கிடையாது. டொக்டர் மிஸ் என் முழங்கையைச் சுரண்டிப் பார்த்தார். இயன்மருத்துவர் மதுசூதனன் என் விரல்களைப் பயற்றங்காய் ஒடிப்பதுபோல் ஒடித்தார். மருந்து கொடுக்கிறவர் நான் குடிக்கிற எல்லாக் கஷாயத்தின் பெயரையும் எழுதிக்கொண்டார். அந்த உளவளத்துணையாளர் யோகேஸ்வரன், "மனசு எப்படிங்க இருக்கு?" என்றார். "மனசுல செதில் இல்லீங்க" என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்!

பிறகு குடியைப் பற்றிக் கேட்டார்கள். "வருசத்துல ஒருக்கா, தீவாளிக்கு மட்டும்" என்று நான் கம்பீரமாகச் சொன்னேன். நீ டொக்டர் மிஸ்ஸின் பக்கம் திரும்பிச் சிங்களத்தில் ஒரு சொல் சொன்னாய். "ஹெமதாம." தினமும்! நாற்பது வருடம் சிங்கள லொறிக்காரர்களோடு ஸ்டோர் வாசலில் வாழ்ந்தவனுக்கு அந்தச் சொல் விளங்காதா? என் ரத்தம் என்னை நாலு பேர் முன்னால் காட்டிக்கொடுத்தது. அந்தக் கணத்தில் மலை இரண்டாகப் பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கலாம். பிளக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். மாசிப் பிறையில் காமன் கூத்துக்குக் கம்பம் நடுகிறார்கள். மதனும் ரதியும் லயம் லயமாக, வரிசை வீடுகளின் வாசல் வாசலாகப் போக வேண்டும். நம் தோட்டக் கமிட்டித் தலைவர் கந்தப்பன் என்னிடம் வந்து, "அண்ணே, இந்த வருசம் நீங்க கொஞ்சம் ஒதுங்கிக்குங்க. சனம் பயப்படுது. தொத்திக்கும்னு பேசிக்கிறாங்க" என்கிறார். என்னை! இந்த மலையின் மன்மதனை!

ஆகவே எனக்கு ஒன்றே ஒன்று தேவை. "செல்லசாமியின் தோல் முற்றாகக் குணமாகிவிட்டது" என்று முத்திரை குத்திய ஒரு கடிதம். அதை வாங்கித் தந்தால் மன்னிப்பு உண்டு. தராவிட்டால் உங்கள் கிளினிக் வாசலை என் நிழல்கூட மிதிக்காது.

உன் அத்தை ராசம்மா, "பிள்ளையைத் திட்டி எழுதாதீங்க" என்கிறாள். ஆகவே திட்டவில்லை. சாபம் மட்டும்.

செல்லசாமி


நுவரெலியா,
2025 ஜனவரி 24

மாமாவுக்கு,

பிரகடனம் கிடைத்தது. நேற்றுக் கூட்டத்தில் சிங்களத்தில் சொல்லிச் சொல்லி வாசித்தேன். பயற்றங்காய் வந்த இடத்தில் டொக்டர் மிஸ் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மதுசூதனன் உங்களிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். பிறகு டொக்டர் மிஸ் உங்கள் ரத்தப் பரிசோதனைத் தாளை என் முன்னால் வைத்தார். ஈரலின் கணக்கு இருக்க வேண்டியதைவிட மூன்று மடங்கு. யாரும் சிரிக்கவில்லை.

ஆமாம், நான்தான் சொன்னேன். உங்களுக்குக் கொடுக்க நினைத்திருந்த மாத்திரை வாரத்தில் ஒரே ஒரு நாள் குடிப்பது. நல்ல மாத்திரை. ஆனால் தினமும் சாராயம் குடிக்கிறவரின் ஈரலை அது சும்மா விடாது. தெரிந்துகொண்டே வாயை மூடி நிற்கவா நான் அந்தச் சீருடையைப் போட்டேன்? ஆனால் உங்கள் முகத்தைப் பார்த்துத் தமிழில் முதலில் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். "மாமா, உண்மையைச் சொல்லுங்க, இல்லாட்டி நான் சொல்லுவேன்" என்று. அதைச் செய்யாதது என் பிழை. அதற்கு மட்டும் மன்னிப்பு.

ஏன் ஐந்து பேர் என்று கேட்கிறீர்கள். சொரியாசிஸ் தோலோடு நின்றுவிடுகிற நோய் இல்லை. உங்களுக்கு விளங்குகிற மாதிரிச் சொல்கிறேன். ஸ்டோர் வாசலில் நிற்கும் காவல்காரனே உள்ளே புகுந்து தேயிலைப் பெட்டிகளை உடைத்தால் எப்படி? உடம்பைக் காக்க வேண்டியது உடம்பையே அடிக்கிறது. தோல் செதிலாகிறது, விரல் மூட்டு வீங்குகிறது, மனிதர் வெளியே போகக் கூசி வீட்டுக்குள் குந்திக் குடிக்கிறார். ஒருவர் மட்டும் பார்த்தால் ஒரு பெட்டிதான் தெரியும்.

முற்றாகக் குணம் என்று யாரும் எழுதமாட்டார்கள். அது பொய். தொற்றாது என்று எழுதலாம். அது உண்மை. அதற்கு நீங்கள் வர வேண்டும். பெப்ரவரி 6, வியாழன், காலை ஒன்பது மணி.

சுதர்ஷினி


வெள்ளைப்பாறை,
2025 ஜனவரி 31

மருமகளே,

மன்னிப்பில்கூட "அதற்கு மட்டும்" என்று அளந்து போடுகிற உன் தாராளத்தைக் கண்டு நாடே வியக்கிறது.

உங்கள் உதவி இனி வேண்டாம். நானே வைத்தியம் கண்டுபிடித்துவிட்டேன்.

காமன் கூத்தில் அரிதாரம் எப்படிச் செய்வோம்? முத்துவெள்ளைப் பொடியைச் சிரட்டையில் கொட்டி, தேங்காயெண்ணெய் விட்டு, விரலால் குழைத்து உடம்பெல்லாம் பூசுவோம். நீங்கள் அன்றைக்குத் தந்த களிம்புகள் மூன்று. தலைக்கு ஒன்று, முழங்கைக்கு ஒன்று, மற்ற இடத்துக்கு ஒன்று. காலையில் இது, இரவில் அது, முகத்தில் எதுவும் கூடாது. இத்தனை சட்டம் துரையின் பங்களாவிலும் இல்லை. ஐந்து பேர் ஒன்றாக வேலை செய்கிறீர்கள் என்றால் மூன்று களிம்பு ஒன்றாக வேலை செய்யாதா? மூன்றையும் ஒரே சிரட்டையில் பிதுக்கினேன். முத்துவெள்ளை கலந்தேன். எண்ணெய் விட்டேன். தலையிலிருந்து பாதம்வரை பூசினேன்.

என்ன சொல்ல! செதில் மறைந்தது. இமயமலை பனியோடு எழுந்து நடந்து வந்து லயத்து வாசலில் நின்றதுபோல் நின்றேன். உன் அத்தை மட்டும், "பேயி மாதிரி இருக்கு, கழுவுங்க" என்றாள். கலை தெரியாதவள்.

பிறை வரைக்கும் தினமும் பூசுவேன். கந்தப்பன் என்னைப் பார்க்கும்போது ஒரு செதில் கண்ணில் படக்கூடாது.

இன்னொன்று. இதைக் கூட்டத்தில் வாசிக்காதே. போன சனிக்கிழமை கடைவீதிச் சலூனுக்குப் போனேன். எனக்கு முன்னால் இரண்டு பேர். அவர்கள் முடிந்ததும் சலூன்காரர் துவாயை உதறி மடித்து, "இன்னைக்கு கடை மூடியாச்சுங்க" என்றார். பதினைந்து வருடமாக எனக்கு முடி வெட்டியவர். நான் வெளியே வந்து தெருமுனையில் திரும்பிப் பார்த்தேன். பின்னால் வந்த ஆள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

ஆறாம் திகதி வரமாட்டேன்.

செல்லசாமி


நுவரெலியா,
2025 பெப்ரவரி 7

மாமா,

கழுவுங்கள். இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்க வேண்டாம், முதலில் போய்க் கழுவுங்கள்.

அதில் ஒரு களிம்பு மிகவும் கடுமையானது. முழங்கையில் மட்டும், விரல் நுனி அளவு. அதை உடம்பெல்லாம் பூசி, பிறகு சட்டென்று நிறுத்தினால் தோல் முழுவதும் கொதித்துக் கிளம்பும். இன்னொன்றில் தோலை அரிக்கிற சரக்கு இருக்கிறது. இரண்டையும் கூத்துச் சிரட்டையில் குழைக்க உங்களைத் தவிர இந்த உலகத்தில் யாருக்கும் தோன்றாது. சிவப்பு, வீக்கம், நடுக்கம் எது வந்தாலும் அன்றே வாருங்கள். வியாழக்கிழமைக்குக் காத்திருக்க வேண்டாம்.

நேற்று ஒன்பது மணிக்கு ஐந்து பேரும் உங்கள் கோப்பை விரித்து வைத்து உட்கார்ந்திருந்தோம். நாற்பது நிமிடம். வெளியே வாங்குப் பலகைகளில் அறுபது பேர். "கொஞ்சம் பொறுக்கலாம், தூரத்துல இருந்து வாறவரு" என்று நான் மூன்று முறை சொன்னேன். நான்காவது முறை டொக்டர் மிஸ் என்னைத் தனியே கூப்பிட்டு, "இவர் உன் மாமா. உன்னால் இவரிடம் கோபப்படாமல் இருக்க முடியவில்லை, இவரால் உன்னிடம் உண்மை சொல்ல முடியவில்லை. கோப்பை இன்னொருவருக்குக் கொடுப்போமா?" என்றார்.

நான் சரி என்றேன். இனி உங்களை நிஷாந்தி மிஸ் பார்ப்பார். அவருக்கு உங்களைத் தெரியாது. அதனால் நீங்கள் பொய் சொன்னாலும் நம்புவார். உங்களுக்கு வசதிதானே.

சலூன் விஷயத்தை யாரிடமும் வாசிக்கவில்லை. நான் மட்டும் இரண்டு முறை வாசித்தேன்.

சுதர்ஷினி


வெள்ளைப்பாறை,
2025 பெப்ரவரி 17

சுதர்ஷினி,

இமயமலை எரிமலையாகிவிட்டது. இதற்குள் கேள்விப்பட்டிருப்பாய்.

உன் கடிதம் வரும் முன்னே சிரட்டை காலியாகிவிட்டது. பன்னிரண்டாம் திகதி என் உடம்பு உச்சி முதல் உள்ளங்கால்வரை கொச்சிக்காய்ச் சிவப்பு. குளிரில் பல் அடித்துக்கொள்கிறது, தோல் மட்டும் அடுப்பு. மறுநாள் விடியற்காலையில் தோட்டத்து லொறியில் கொழுந்துச் சாக்கின்மேல் என்னைக் கிடத்தி உன் அத்தை ஹட்டன்வரை கொண்டுவந்தாள். வழியெல்லாம் திட்டினாள். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு புதிய வசை. பொகவந்தலாவைப் பாதையில் எத்தனை வளைவு என்று உனக்குத் தெரியும்.

அது வியாழக்கிழமையாகப் போயிற்று. நுவரெலியாவில் மறுபடியும் அந்தச் சபை. நீ இருந்த நாற்காலியில் நிஷாந்தி மிஸ். உன்னைத் தேடவில்லை. திரைச்சீலைக்குக் கீழே ஒரு சோடி வெள்ளைச் சப்பாத்து மட்டும் ஒரு மணி நேரம் அசையாமல் நின்றதைப் பார்த்தேன். அவ்வளவுதான்.

ஒருவரும் என்னை ஏசவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. மருந்து கொடுக்கிறவர் மட்டும், "சிரட்டையில எவ்வளவு எண்ணெய் விட்டீங்க ஐயா?" என்று உண்மையான ஆர்வத்தோடு கேட்டார். பிறகு யோகேஸ்வரன் கதிரையை இழுத்துக் கிட்டே போட்டார்.

"நோய் போகணும்னு எல்லாருந்தான் சொல்லுவாங்க. அதுக்கு மேல உங்களுக்கு என்னங்க வேணும்?"

"மதனா நிக்கணுங்க" என்றேன்.

அதைக் கோப்பில் எழுதினார், சுதர்ஷினி. ஈரல், மூட்டு, ரத்தம் எல்லாம் எழுதியிருந்த அதே தாளில், அதே மையில். டொக்டர் மிஸ் மதன் என்றால் யார் என்று கேட்டார். சிவன் தவத்தைக் கலைத்து எரிந்துபோன காதல் கடவுள் என்று யோகேஸ்வரன் சிங்களத்தில் சொன்னார். டொக்டர் மிஸ் என்னை மேலும் கீழும் பார்த்தார். நம்பவில்லை போலும். மதுசூதனன், "ஆட்டத்துல எவ்வளவு நேரம் முட்டிய மடக்குவீங்க? காட்டுங்க" என்றார். அந்தக் கொதிக்கிற உடம்போடு கிளினிக் நடையில் நாலு அடவு போட்டேன். வாங்கில் இருந்த நோயாளிகள் கை தட்டினார்கள். பிறகு ஐந்து பேரும் என் முன்னாலேயே சண்டை பிடித்தார்கள். பூச்சோடு ஆடலாம் என்று இருவர், பூச்சு கூடவே கூடாது என்று மூவர். நான் எங்கே போனாலும் இப்படித்தான் சபை இரண்டாகிறது.

கடைசியில் நிஷாந்தி மிஸ் குடியைப் பற்றிக் கேட்டார். அவருக்கு என்னைத் தெரியாது. தீவாளி என்று சொல்லியிருக்கலாம்.

"ஹெமதாம" என்றேன். நானே சொன்னேன். திரைக்குக் கீழே சப்பாத்து அசைந்தது.

செல்லசாமி


நுவரெலியா,
2025 பெப்ரவரி 22

மாமாவுக்கு,

சப்பாத்து என்னுடையதுதான்.

இத்துடன் கடிதம் இருக்கிறது. மூன்று மொழியில். "இந்த நோய் தொடுவதால், ஒன்றாகச் சாப்பிடுவதால், ஒரே துவாயைப் பாவிப்பதால் பிறருக்குத் தொற்றாது." ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதும். யோகேஸ்வரன்தான் ஐந்து பேரும் போடுவோம் என்றார். "தோட்டத்துல ஒரு ஆள் சொன்னா ஒரு வாய். அஞ்சு பேர் சொன்னா யாரு மறுத்துப் பேசுறது?" என்றார். போட்டோம். ஐந்தாவது என்னுடையது, நிஷாந்தி மிஸ் தன் இடத்தை எனக்கு விட்டுத்தந்தார். கோப்பு என்னிடம் இல்லாவிட்டாலும் கை என்னிடம் இருக்கிறது.

மாத்திரை இப்போது இல்லை. ஈரல் இறங்கிய பிறகுதான். அதுவரை நெய்போன்ற அந்த வெள்ளைக் களிம்பு மட்டும், நாளுக்கு மூன்று முறை. சாராயம் ஒரு சொட்டும் கூடாது.

இன்னொன்று உங்களுக்குப் பிடிக்காது. ஆடலாம். ஆனால் உடம்பில் அரிதாரம் இல்லை, முழுக்கைச் சட்டையும் இல்லை. தோல் மூச்சு விட வேண்டும். முகத்துக்கு மையும் பொட்டும் போதும். கையில் இருப்பது அப்படியே வெளியே தெரியும். செதிலை மறைக்க ஒரு கடிதம் கேட்டீர்கள். நாங்கள் தருவது மறைக்காமல் போக ஒரு கடிதம். இருபத்தொரு வருடம் எரிந்தவருக்கு இது பயமா என்று எனக்குத் தெரியவில்லை.

சுதர்ஷினி


வெள்ளைப்பாறை,
2025 மார்ச் 4

சுதர்ஷினி,

பயமா என்று கேட்டுவிட்டாயே! யானைக்கூட்டத்தை ஒரு தும்மலில் கலைத்தவனிடம்!

சரி. பயம்தான். இருந்தும் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பிறை பார்த்துக் கம்பம் நட முன் கோயிலடியில் கமிட்டி கூடியது. மேற்பிரிவுச் சனம் முழுவதும் இருந்தது. நான் கடிதத்தை உயர்த்திப் பிடித்து, ஒலிபெருக்கி தோற்கிற குரலில் வாசித்தேன். கந்தப்பன் அதை வாங்கி மேலும் கீழும் பார்த்தார். கையெழுத்துகளை விரலால் எண்ணினார்.

"அண்ணே, அஞ்சு கையெழுத்து போட்டிருக்கு."

"ஆமா. அஞ்சு பேரும் என்னைப் பாக்குறாங்க. ஒரே நேரத்துல" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

அப்போதுதான் ரதி வேஷம் கட்டுகிற அழகனின் அம்மா பரிமளம் எழுந்தாள்.

"என் மகனுக்கு டெங்கு வந்தப்ப நம்ம தோட்டத்து ஆஸ்பத்திரியில ஒரு டொக்டரு இல்ல. மருந்து கலக்குறவரு மட்டுந்தான் இருந்தாரு. டெங்குக்கே ஒரு ஆளுதான்னா, அஞ்சு பேரு சேந்து பாக்குற வியாதி எம்புட்டு பெரிசா இருக்கும்? அந்தக் கைய என் மகன் புடிக்கணுமா?"

கூட்டம் ஒரு அடி பின்வாங்கியது. நிஜமாகவே ஒரு அடி. என்னைச் சுற்றி ஒரு வட்டம். நான் கடிதத்தை மடித்து மடியில் செருகினேன். அவள் சொல்வதில் எது பொய்? இந்த மலையில் ஒருவனுக்கு ஐந்து பேர் என்பதை யார் கண்டது?

மதனாக ஆடுகிறவருக்கான காப்பைப் பொன்னையாவின் கையில் கட்டினார்கள். பாவம், அவன் நல்லவன். ஆடத்தான் தெரியாது. என் கிரீடத்தைக் கேட்டார்கள். "அது என் தலைக்கு அளவெடுத்தது" என்று தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வரும் வழியில் ஒரு போத்தல் வாங்கினேன். மூன்று நாளாக அரிசிப் பானைக்குப் பக்கத்தில் இருக்கிறது. திறக்கவில்லை. நாளைக்கு எப்படியென்று தெரியாது. உன் அத்தை அதைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள், காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிறாள். அவள் வைதால்கூட நன்றாக இருக்கும்.

செல்லசாமி


நுவரெலியா,
2025 மார்ச் 8

மாமா,

உங்கள் கடிதத்தைக் கூட்டத்தில் வாசித்தேன். பரிமளம் அக்காவின் பேச்சு முடிந்ததும் டொக்டர் மிஸ், "நாம் அந்தத் தாளை நம்மைப்போன்ற ஆட்களுக்கு எழுதியிருக்கிறோம்" என்றார். யோகேஸ்வரன் தன் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே வந்து ஆட்களோடு பேச அனுமதி கேட்டிருக்கிறார். கிடைக்க ஏப்ரலாகும். மாசி காத்திருக்காது.

பதின்மூன்றாம் திகதி பௌர்ணமிப் போயா, கூத்து நாள். எனக்கு வார்டில் வேலை. மாற்றித் தர ஆளில்லை, கேட்டுப் பார்த்துவிட்டேன்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். தாதியாக அல்ல. காப்புக் கட்டாதவர் கூத்தாட முடியாது. அது முறை, அதை மீற வேண்டாம். தன் லயத்து வாசலில் நடக்க யாருக்கும் காப்பு வேண்டாம். கிரீடம் உங்கள் தலைக்கு அளவெடுத்ததுதானே?

போத்தலைப் பற்றி: திறந்தால் திறந்தேன் என்று எழுதுங்கள். திறக்காவிட்டால் அதையும் எழுதுங்கள். இருபதாம் திகதி மறுபடி ரத்தம் எடுப்பார்கள். அது எப்படியும் சொல்லிவிடும். அதற்கு முன் நீங்கள் சொல்ல வேண்டும்.

களிம்பு மூன்று முறை. மறக்க வேண்டாம்.

சுதர்ஷினி


வெள்ளைப்பாறை,
2025 மார்ச் 16

மருமகளே,

போத்தலை ஐந்தாம் திகதி திறந்தேன். இரண்டு கிளாஸ். அன்றைக்கு மட்டும். மீதியை உன் அத்தை தண்ணீர்ப் பீலிக்கரையில் ஊற்றினாள். நான் தடுக்கவில்லை. எழுதிக்கொள்.

இனிப் பதின்மூன்றாம் திகதி.

பின்னேரம் நாலு மணிக்குத் தப்பு அடித்தார்கள். பொன்னையாவும் அழகனும் வேஷத்தோடு முதல் லயத்திலிருந்து புறப்பட்டார்கள். நான் களிம்பைப் பூசி, வேட்டியை இறுக்கி, மை தீட்டி, கிரீடத்தை வைத்து, சட்டை இல்லாமல் வாசலில் இறங்கினேன். மழை விட்டு வெயில் அடித்தது. களிம்பின் மினுமினுப்பில் ஒவ்வொரு செதிலும் தெரிந்தது. கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த கையோடு உன் அத்தை தட்டில் சூடம் ஏற்றி எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். "பசிக்குது, சீக்கிரம் நடங்க" என்றாள். ஒரு தேவலோகப் புறப்பாட்டுக்கு இதைவிட நல்ல முரசு உண்டா?

கந்தப்பன் ஓடி வந்தார். "அண்ணே, கமிட்டி முடிவு பண்ணிருச்சு!"

"கமிட்டிக்குத் தலை வணங்குறேன் தம்பி. நான் கூத்துக்கு வரல. என் லயத்துல நடக்குறேன். நடக்குறதுக்குச் சந்தா வேணுமா?"

அவர் வழிவிட்டார் என்று சொல்லமாட்டேன். வழியில் நின்றார். நாங்கள் சுற்றிக்கொண்டு போனோம்.

முதல் கதவு மூடியது. இரண்டாவது, மூன்றாவது மூடின. மூடுகிற சத்தம் ஒவ்வொன்றும் வேறு மாதிரி என்பதை அன்றுதான் கேட்டேன். சிலர் மெதுவாக, வருத்தத்தோடு மூடினார்கள். அதுதான் அதிகம் கேட்டது. நாலாவது கதவு திறந்தே இருந்தது. தட்டைத் தொட்டுக் கும்பிட்டு, என் கையைப் பிடித்துத் திருநீறு வாங்கினார்கள்.

லயத்து நடுவில் இரண்டு புறப்பாடும் எதிரே சந்தித்தன. மலையகச் சரித்திரத்தில் முதல்முறையாக இரண்டு மதன், ஒரு ரதி. அழகன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தான். செதில்மேலேயே பிடித்தான்.

வாசலில் இருந்து பரிமளம் கத்தினாள். "டேய் அழகா! கைய விடுடா!"

"அம்மா, நான் இப்ப ரதி. புருசன் கைய எப்படிம்மா விடுறது?"

"அப்ப அங்க நிக்கிறவன் யாருடா?"

"அவரும்தான்" என்றான், மீசைக்கு மேலே மஞ்சள் பூசிய முகத்தோடு.

லயமே சிரித்தது. பொன்னையாவும் சிரித்தான். பரிமளம் சிரிக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டாள். அதை மாற்றி எழுத ஆசைதான், எழுதமாட்டேன்.

இரண்டாம் லயத்துக் கடைசியில் ஒரு கதவு. பெயர் சொல்லமாட்டேன், நீங்கள் கூட்டத்தில் வாசிப்பீர்கள். திருநீறு வாங்க வந்தவள் என் முழங்கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். குரலைத் தாழ்த்தி, "எனக்கும் முதுகெல்லாம் இருக்குங்க அண்ணே. எட்டு வருசமா. வீட்டுக்காரருக்கு மட்டுந்தான் தெரியும்" என்றாள். நான் என்ன சொல்ல வேண்டும்? யோகேஸ்வரனாக இருந்தால் ஏதாவது கேட்டிருப்பார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "வியாழக்கிழமை காலையில அஞ்சரை பஸ்ஸு. நான் முன்னாலயே ஏறி இடம் புடிச்சு வைக்கிறேன்." அஞ்சு பேரைப் பார்த்துப் பயப்படாதே, அவர்களில் ஒருவர்கூடக் கடிக்கமாட்டார் என்றும் சொன்னேன்.

விடியும்போது காமனை எரித்தார்கள். பொன்னையா அசையாமல் நின்றான், குறை சொல்ல முடியாது. இருபத்தொரு வருடத்தில் முதல்முறையாக நான் எரிவதை நான் வெளியே நின்று பார்த்தேன். வயிறு எரிந்தது. அடுத்த மாசியில் அந்த இடத்தில் நான் நிற்பேன், இதே கையோடு. அதைக் கந்தப்பனிடம் அங்கேயே சொல்லிவிட்டேன். "பாக்கலாம் அண்ணே" என்றார். ஜனவரியில் அவர் இப்படிச் சொல்லவில்லை.

எத்தனை கதவு திறந்தது என்று கேட்பாய். எழுபது என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. இருபத்துநாலு கதவில் ஏழு. நான் எண்ணினேன், உன் அத்தை எண்ணினாள், இரண்டும் ஒன்றுதான். கோப்பில் அப்படியே எழுதச் சொல்.

மீதி பதினேழு. அவற்றுக்கு அடுத்த மாசிவரை நான் காத்திருக்கப்போவதில்லை. சித்திரை வருடப்பிறப்புக்கு உன் அத்தை பலகாரம் சுடுவாள். நான் தட்டை எடுத்துக்கொண்டு அந்தப் பதினேழு வாசலுக்கும் போவேன், சட்டைக் கையைத் தோள்வரை மடித்துவிட்டு. பரிமளத்தின் வாசலுக்குத்தான் முதலில்.

செல்லசாமி